பூங்கொடிக்காக மாட்டிய டச் ஸ்கிரீன்

டேஷ்போர்டில் பெரிதாக ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நேற்று வரை பாட்டு செட் பாடிக்கொண்டிருந்த இடம் பல்லுப்போன வாய் மாதிரி கிடந்தது. பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

இடது பக்க சீட்டில் இருந்த என் மனைவி பூங்கொடி அந்தப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தாள். நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு இது?

நான் உள்ளங்கையைக் காட்டினேன். பொறு.

பூங்கொடிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய்ப்பேச்சும் இல்லை. அவள் பேசியதெல்லாம் கையால் பேசியது. பத்திரிகையில் கையை அச்சடிக்க முடியாததால் நான் அதை வார்த்தையாக்கி எழுதுகிறேன்.

பென்னலூரில் எங்கள் நிலம் போனதையும், அந்த நிலத்திலேயே எழும்பிய கம்பெனியில் நான் ஷிப்ட் பார்த்ததையும், அதை விட்டுவிட்டுப் பிக்கப் வாங்கியதையும் இதுவரை எழுதிவிட்டேன். "வண்டியப் பத்தி இவ்ளோ எழுதுன. வண்டிக்குள்ள இருந்தவளப் பத்தி ஒரு வரி இல்ல" என்று போன வாரம் பூங்கொடி கையாலேயே சண்டை போட்டாள். அதனால் இந்த வாரம் அவள் வாரம்.

தேங்காய்க் கடைச் சண்டை

அவளை நான் முதலில் பார்த்தது வல்லக்கோட்டை முருகன் கோவிலில். ஏதோ ஒரு கிருத்திகை. நல்ல கூட்டம்.

தேங்காய்க் கடைக்காரர் அழுகல் தேங்காயைத் தலையில் கட்டியிருக்கிறார். மாம்பழக் கலர் தாவணி கட்டிய ஒரு பெண் அந்தத் தேங்காயை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அவரைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் இல்லை. ஆனால் சுற்றி நின்ற எல்லோருக்கும் புரிந்தது. கடைக்காரர் சிரித்துச் சமாளித்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், கடைசியில் வேறு தேங்காய் கொடுத்தார். அவள் அதையும் காதருகே வைத்து ஆட்டுகிற மாதிரி அவரிடம் நடித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல பொண்ணா கெடைக்கல?" என்றாள். பிறகு பெண் பார்க்கப் போனபோது பூங்கொடி காலில் விழுந்து கும்பிட்டதும் அம்மாவுக்கு மனசு கரைந்துவிட்டது. காஞ்சிபுரம் பக்கம் ஒரு காது கேளாதோர் பள்ளியில், ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். நன்றாகச் சமைப்பாள். தையல் தெரியும்.

கல்யாணமாகி வந்த பிறகு எங்கள் தெருவில் அவளுக்கு நல்ல பெயர். "அமைதியான பொண்ணு" என்பார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. தேங்காய்க் கடையில் பார்த்த அந்தப் பெண் எங்கே போனாள் என்று நான் யோசிக்கவில்லை.

கம்பெனி செட்

அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கேட்டரிங் கிச்சனுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல். ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் இருந்த ஹாஸ்டல்களுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பூங்கொடி கிச்சனில் காய் நறுக்குவாள். பிறகு என்னோடு வண்டியில் வந்து ஹாஸ்டல்களில் பரிமாறுவாள்.

ஒரகடம் ரோடை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் அது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் நகராது. செம்மண் புழுதி ஒரு பக்கம், பின்னாலிருந்து சாம்பார் வாசனை ஒரு பக்கம்.

வண்டியோடு வந்த கம்பெனி செட்டில் ரேடியோ வரும், பென் டிரைவ் போட்டால் பாட்டு வரும். அதுதான் எனக்குத் துணை. நான் பாட்டோடு சேர்ந்து பாடுவேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் ஜாமில் நிற்கும்போது பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கண்ணைத் திறந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பந்திக்கு வெளியே நிற்பவர் உள்ளே சாப்பிடுபவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை. நான் செட்டை அணைத்துவிட்டேன். அணைத்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

அந்த வாரம்தான் கிச்சனுக்குக் காய்கறி கொண்டுவரும் டிரைவர் தன் வண்டியில் டச் ஸ்கிரீன் மாட்டியிருந்தான். பாட்டோடு படமும் ஓடியது. எனக்குப் பொறி தட்டியது. காது கேட்காதவளுக்குக் கண் இருக்கிறதே!

ஜெபராஜ் கடை

பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட கடை. ஜெபராஜ் தூத்துக்குடிக்காரர். கம்பெனி வேலைக்கென்று வந்தவர், அது பிடிக்காமல் கார் ஆக்சசரீஸ் கடை போட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஓட்டை பத்தாது. பிளாஸ்டிக்க அறுத்தாத்தான் ஸ்கிரீன் உக்காரும். பெறவு பழைய செட்டு வேணும்னு வந்தீயன்னா ஒண்ணும் பண்ண முடியாது, இப்பமே சொல்லிட்டேன்."

"அறுங்க. பழசு எதுக்கு?"

அறுத்தார். பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. பூங்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜெபராஜ் ஒவ்வொரு ஒயராகப் பிரித்து முறுக்கி டேப் சுற்றினார். ஒரு பச்சை ஒயரை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"இது ஹேண்ட் பிரேக் ஒயரு. மொறப்படி மாட்டுனா வண்டி நிக்கும்போதுதான் படம் ஓடும். எல்லாரும் இத மாத்தி மாட்டச் சொல்லுதாவ. உங்களுக்கு எப்படி?"

"மொறப்படியே மாட்டிடுங்க. எங்க ரோட்ல வண்டி நிக்கறதுதான் ஜாஸ்தி."

அவர் சிரித்தார். ஸ்கிரீன் எரிந்தது. நீல வெளிச்சத்தில் பூங்கொடியின் கண் விரிந்தது. நான் ஜெபராஜ் ஏற்றிக் கொடுத்த ஒரு காமெடிப் படத்தைத் தட்டிவிட்டு, ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன்.

வாய், வாய், வாய்

ரெண்டு நாள் அவள் பார்த்தாள். மூன்றாம் நாள், வண்டி நின்று படம் ஓடத் தொடங்கியதும், என் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்கிரீன் மேல் போட்டு மூடினாள்.

எனக்குக் கோபம் வந்தது. உனக்காகத்தானே வாங்கினேன் என்று சைகையில் கேட்டேன். கேட்டேன் என்ன, ஸ்கிரீனைக் காட்டினேன், அவளைக் காட்டினேன், முகத்தைச் சுளித்தேன். அவ்வளவுதான் எனக்கு வரும்.

அவள் வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரித்தாள். வாய். இன்னொரு கையையும் தூக்கி அதையும் அப்படியே செய்தாள். வாய், வாய், வாய். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் கையை வெறுமனே உதறினாள்.

அப்போதுதான் புரிந்தது. படத்தில் ஆட்கள் வாயை ஆட்டுகிறார்கள், நான் சிரிக்கிறேன். வெளியிலும் ஆட்கள் வாயை ஆட்டுகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தத் தொந்தரவையே வாங்கி அவள் முகத்துக்கு நேரே மாட்டியிருக்கிறேன்.

துண்டு அப்படியே கிடந்தது. நான் அதற்குக் கீழே பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

கரண்டி பிடித்த கை

ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் மதியச் சாப்பாடு. பூங்கொடி சாம்பார் ஊற்ற, நான் அண்டாவை நகர்த்திக்கொடுப்பேன். வரிசையில் ஒரு பெண் தட்டை நீட்டியபடி என்னையும் பூங்கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் சைகை செய்துகொண்டதைக் கவனித்திருக்கிறாள். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளும் கையை அசைத்தாள்.

பூங்கொடி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பெயர் மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கம். அவளுக்கும் காது கேட்காது. ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை.

ஆனால் வரிசை நிற்குமா? பின்னால் நாற்பது தட்டு காத்திருக்கிறது. மாரிச்செல்விக்குச் சாப்பிட்டதும் ஷிப்டுக்கு ஓட வேண்டும். பூங்கொடி கையில் கரண்டி, அவள் கையில் தட்டு. எதிரெதிரே நின்றும் ரெண்டு பேருக்கும் பேச்சுக்கு வழியில்லை. நாலைந்து நாள் இப்படியே போயிற்று. சிரிப்பு, தலையாட்டல், அவ்வளவே.

ஒருநாள் மாரிச்செல்வி தட்டோடு சேர்த்து ஒரு மெமரி கார்டை நீட்டினாள்.

பூங்கொடி வண்டிக்கு வந்ததும் அவளே துண்டை உருவினாள். கார்டை ஸ்கிரீன் பக்கத்தில் இருந்த ஓட்டையில் செருகினாள். ஓடவில்லை. வட்டம் சுற்றியது, பிறகு ஏதோ எழுத்து வந்தது. மறுபடி செருகினாள். மறுபடி அதே எழுத்து. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் நேரே ஜெபராஜ் கடைக்கு வண்டியை விட்டேன்.

"இது மொபைல்ல எடுத்த வீடியோலா. இந்த செட்டுக்கு அப்படியே ஏறாது. மாத்தித் தாரேன், இருங்க" என்று கம்ப்யூட்டரில் போட்டு மாற்றிக் கொடுத்தார்.

ஸ்கிரீனில் மாரிச்செல்வி வந்தாள். ஹாஸ்டல் ரூம், இரும்புக் கட்டில், பின்னால் காயப்போட்ட யூனிபார்ம். கேமராவைப் பார்த்து அவள் பேச ஆரம்பித்தாள். எவ்வளவு வேகம்! விரல், மணிக்கட்டு, புருவம், கன்னம் எல்லாம் பேசியது.

பூங்கொடி சிரித்தாள். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஸ்கிரீனுக்குப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் கண் கலங்கினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு பேர் கையையும் பார்த்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

நான் பிடித்த வீடியோ

பதில் போட வேண்டும் என்றாள். வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு ஏரிக்கரை. வண்டியை ஓரம் கட்டினேன். என் போனில் கேமரா இருந்தது. அவள் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் எதிரே நின்று போனைப் பிடித்தேன்.

அவள் பேசினாள்.

என்னோடு பேசும்போது அவள் கை நிதானமாக, பெரிதாக அசையும். சாப்டியா, போலாம், லேட்டு, தலைவலி. குழந்தைக்குச் சொல்லித்தருவது போல. இது வேறு. தேங்காய்க் கடையில் பார்த்த கை. அதைவிட வேகம். இடையில் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள். பிறகு கை கொஞ்சம் தளர்ந்தது. பிறகு மறுபடி எழுந்தது. காற்றில் முடி முகத்தில் விழுந்தபோதுகூடத் தள்ளிவிடவில்லை. தள்ளினால் ஒரு வார்த்தை போய்விடுமே.

என் கை வலித்தது. போனை அசைக்காமல் பிடித்திருந்தேன். என் பெண்டாட்டி இவ்வளவு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிறாள், அதை நான்தான் படம் பிடிக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியூர் போய்ப் பாஷை தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

கார்டைக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த வீடியோ என் போனில் இருந்தது. மறுநாள் பூங்கொடி ஹாஸ்டலில் பாத்திரம் கழுவி வரும்வரை நான் வண்டியில் தனியாக இருந்தேன். ஜெபராஜிடம் மாற்றி வாங்கியிருந்ததை ஸ்கிரீனில் போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து.

கதவு திறந்தது. பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள்.

நான் ஸ்கிரீனைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, தலையை இல்லையென்று ஆட்டினேன். எனக்குப் புரியல. பிறகு கையேந்தினேன். சொல்லிக் குடு.

அவள் ஏறி உட்கார்ந்தாள். விரலால் ஸ்கிரீனைத் தொட்டாள். படம் நின்றது. நின்ற கையைக் காட்டி, அதையே தன் கையால் மெல்லச் செய்து காட்டி, அர்த்தத்தை நடித்துக் காட்டினாள். நான் திருப்பிச் செய்தேன். தப்பு. என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டாள். சரி. மறுபடி தொட்டாள். படம் ஓடியது. மறுபடி நிறுத்தினாள்.

அன்றிலிருந்து வண்டி நின்ற இடமெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம். ஜாமைத் திட்டுவதை விட்டுவிட்டேன். என்னைக் காட்டிச் சொன்ன இடம் வந்தபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். நான் விடவில்லை. சொன்னாள்.

'இவர் நல்லவர். என்மேல் ஆசையா இருக்கார். ஆனா இவருக்கு வார்த்தை தெரியாது. அதனால நானும் கொஞ்சமாத்தான் பேசறேன். பேசிப் பேசி இருந்தவ, இப்ப எனக்கே சில வார்த்தை மறந்துபோச்சு.'

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் என் தோளைத் தட்டி முன்னால் வழி விட்டதைக் காட்டினாள்.

அம்மாவுக்குச் சொன்னது

மாரிச்செல்வி தன் வீடியோவில் சொன்ன செய்தி வேறொன்று. அவர்கள் லைனில் காது கேட்காத பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இன்னும் ஆள் எடுக்கிறார்கள். வா.

பூங்கொடிக்குப் போக ஆசை. எனக்கு? உண்மையைச் சொன்னால் பிடிக்கவில்லை. இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம், அதற்குள் அந்த சீட்டு காலியாகப் போகிறதா? ஆனால் அந்த வீடியோவை அத்தனை தடவை பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது. "இன்னாடா பேசற? காது கேக்காத பொண்ண மிசின் கிட்ட வுடுவியா? இன்னாவாவது ஆச்சுன்னா அவங்க வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பூங்கொடி எழுந்து அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையை எடுத்தாள். அவள் பேசப் பேச நான் சொன்னேன்.

"நான் ஸ்கூல்ல தையல் மிசின் ஓட்டியிருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ எப்படா தையல் மிசின் ஓட்ன?"

"நான் இல்லம்மா, அவ. அவ சொல்றத அப்டியே சொல்றேன்."

"சரி, சொல்லு."

"என்னாண்ட காது இல்ல. அதனால என் கண்ணு தூங்காது. மிசின்ல லைட்டு எரிஞ்சா ஆபத்துன்னு தெரியும். உங்க எல்லாரையும் விட நான்தான் முதல்ல பாப்பேன்." ஒரு இடத்தில் புரியாமல் தடுமாறினேன். அவள் நிறுத்தி, அதே சைகையை மெல்லத் திரும்பச் செய்தாள். "நீங்க என்னப் பொண்ணு மாதிரி வெச்சிருக்கீங்க. சோறு, துணி, ஒண்ணும் கொறையில்ல. பேசத்தான் ஆள் இல்ல. எனக்குப் பேசணும் அத்தை."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"இவ இவ்ளோ பேசுவாளாடா?"

"இன்னும் பேசுவாம்மா. எனக்குத்தான் அவ்ளோ வேகமா வராது."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். பூங்கொடியின் ரெண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உடனே என்ன நினைத்தாளோ, சட்டென்று விட்டுவிட்டாள். "ஐயோ, புடிச்சிக்கினா எப்டிப் பேசுவா?" என்றாள்.

கம்பெனி பஸ்

வேலை கிடைத்தது. முதல் நாள் அவளை ஒரகடம் கூட்டுரோடு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். ரோடு முழுக்க யூனிபார்ம். டீக்கடையில் போண்டா எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாரிச்செல்வி ஓடி வந்தாள். அவளோடு நாலைந்து பெண்கள். நடுவில் பூங்கொடியை இழுத்துக்கொண்டார்கள். அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன. டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பையோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபட்டது. பஸ். யூனிபார்ம். சாம்பார்.

ஒரு பெண் என்னைக் காட்டிப் பூங்கொடியிடம் கேட்டாள். யார்?

கணவன் என்பதற்கான சைகை எனக்குத் தெரியும். அதைத்தான் செய்வாள் என்று நினைத்தேன். செய்தாள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஆட்காட்டி விரலை உச்சந்தலையில் நட்டுக்குத்தலாக நிறுத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

என் உச்சியில் ஒரு முடிக்கற்றை உண்டு. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாது, சேவல் கொண்டை மாதிரி நிற்கும்.

மாரிச்செல்வி சிரித்துக்கொண்டே, எனக்குப் புரிகிற மாதிரி மெல்லக் கையால் விளக்கினாள். ஒவ்வொருவருக்கும் அவர்களிடையே ஒரு கைப்பெயர் இருக்கும். இது என் பெயர். எப்போது வைத்தாள் என்று பூங்கொடியிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் என்றாள். சொல்ல ஆளில்லாமல் இத்தனை நாள் அந்தப் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக உச்சந்தலையில் விரலை நிறுத்தி எனக்கு டாட்டா காட்டினார்கள். பூங்கொடி கடைசி ஜன்னலில் இருந்தாள். சிரித்ததில் அவளுக்கு விரல் நேராக நிற்கவில்லை.

நான் வண்டியில் ஏறிக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு அந்த முடியை அழுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் எழுந்து நின்றது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்தேன்.